காயலான் கடைக்குப் போன இன்ஜின்களும் அவற்றின் குட்டி உடல்களும்

வேல்ஸ் நாட்டின் தென்கரையில் பாரி என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே வுட்ஹாம் குடும்பத்தார் நடத்திய காயலான் கடையை, பிரிட்டனில் ரயில் பைத்தியம் பிடித்த யாரைக் கேட்டாலும் தெரியும் என்பார்கள். 1960-களில் பிரிட்டிஷ் ரயில்வே கழித்துக்கட்டிய நீராவி இன்ஜின்கள் அங்கே வரிசையாக வந்து நின்றன. சரக்கு வேகன்களை உடைக்கும் வேலையே கடைக்காரர்களுக்குக் கைநிறைய இருந்ததால் இன்ஜின்கள் பக்கம் போக நேரமில்லை. துருவேறி நின்றவற்றை ஆர்வலர்கள் வசூல் செய்து, கடன் வாங்கி, ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டு போனார்கள். 1968-இல் தொடங்கி 1990 வரை அப்படித் தப்பியவை 213.

அதே கடையில் டீசல் இன்ஜின்களும் இரண்டு நின்றிருந்தன. ஒன்று டி601, 'ஆர்க் ராயல்' என்று போர்க்கப்பலின் பெயர் தாங்கியது. இன்னொன்று டி6122. இரண்டுமே அந்தந்த வகையில் எஞ்சிய கடைசி உருப்படிகள். பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே நின்றும் வசூல் செய்து மீட்க யாரும் வரவில்லை. 1980-இல் இரண்டையும் வெட்டிப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

இன்று டி601-ஐப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு அட்டைப்பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே, ஓரடிக்கும் குறைந்த நீளத்தில், கம்பிக் கைப்பிடி முதல் பெயர்ப்பலகை வரை எல்லாம் அமைந்த ஒரு குட்டி இன்ஜின் இருக்கும். விலை ஒரு நல்ல செல்பேசியின் விலைக்குப் பக்கத்தில் வரும். அசல் போன பிறகு வந்த நகல் இது. பிரிட்டனின் தொடக்ககால டீசல் இன்ஜின்களின் மாதிரிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். எனக்கு இந்தத் துறையில் சுவாரஸ்யமாகப் படுவதும் இதுவே: அளவெடுக்க உடல் இல்லாத ஒன்றை அச்சு அசலாகச் செய்வது எப்படி?

முதலில், இத்தனை வகை இன்ஜின்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம்.

பிரிட்டனின் முதல் நெடுந்தூர டீசல் இன்ஜின் 10000 என்ற எண்ணுடன் டார்பி பணிமனையிலிருந்து 1947 டிசம்பரில் வெளிவந்தது. அந்தத் தேதியில் ஒரு குறும்பு இருக்கிறது. 1948 ஜனவரி 1 அன்று எல்லா ரயில் கம்பெனிகளும் அரசுடைமையாகப் போகின்றன. எல்.எம்.எஸ். கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஐவட், கம்பெனி கண்ணை மூடும் முன்பே தன் இன்ஜினை வெளியே கொண்டுவந்து, அதன் பக்கவாட்டில் எல்.எம்.எஸ். என்ற மூன்று எழுத்துகளையும் உலோகத்தில் புடைப்பாகப் பதித்துவிட்டார். பெயிண்டில் எழுதியிருந்தால் மறுநாளே அடித்துவிடலாம். உலோக எழுத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். அதற்குள்ளே இங்கிலிஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 1,600 குதிரைத்திறன் டீசல் எந்திரம். இதன் இரட்டையான 10001 அடுத்த ஆண்டு வந்தது. இரண்டையும் கோத்தால் 3,200 குதிரைத்திறன். லண்டனிலிருந்து கிளாஸ்கோ வரை கனமான எக்ஸ்பிரஸை இழுக்க அது போதும்.

தெற்குப் பகுதிக்காக 10201, 10202, 10203 என்று மூன்று பின்தொடர்ந்தன. இடையில் 10100 என்ற விசித்திரப் பிறவி ஒன்று. ஃபெல் என்பவரின் யோசனைப்படி, நான்கு டீசல் எந்திரங்களின் ஆற்றலை மின்சாரமாக மாற்றாமல் பல்சக்கரங்கள் வழியே நேரடியாகச் சக்கரத்துக்கு அனுப்பினார்கள். நீராவி இன்ஜினைப் போலவே சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் வெளியே தெரியும். 1958-இல் அதன் வெப்பக் கொதிகலன் தீப்பிடித்ததோடு அதன் ஓட்டம் முடிந்தது.

'டீசல் இன்ஜினில் கொதிகலனா?' என்று கேட்கத் தோன்றும். அக்காலத்து பிரிட்டிஷ் ரயில் பெட்டிகளைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருந்தது நீராவி. நீராவி இன்ஜின் இருந்தவரை அது ஓசியில் கிடைத்தது. டீசல் வந்ததும், பயணிகளைச் சூடாக வைப்பதற்கென்றே இன்ஜினுக்குள் ஒரு சிறிய கொதிகலனும் தண்ணீர்த் தொட்டியும் வைக்க வேண்டியதாயிற்று. ஓடும்போதே தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள தொட்டியிலிருந்து தண்ணீர் அள்ளும் அகப்பையைக்கூடச் சில வகைகளில் அடியில் பொருத்தினார்கள். புதிய யுகத்தின் வண்டி பழைய யுகத்தின் அடுப்பைத் தூக்கிக்கொண்டே ஓடியது. மாதிரி செய்பவருக்கு இதில் ஒரு தலைவலி உண்டு. கூரையில் கொதிகலனின் புகைவாய் எந்த இடத்தில், எந்த ஆண்டில் தகடு போட்டு மூடப்பட்டது என்பதெல்லாம் அவர் சரிபார்க்க வேண்டிய சங்கதிகள்.

1955-இல் ஏறத்தாழ 1,240 மில்லியன் பவுண்டு மதிப்பில் நவீனமயத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்படி பல கம்பெனிகளிடம் கொஞ்சம் கொஞ்சமாக மொத்தம் 174 டீசல் இன்ஜின்கள் வாங்கி, மூன்று ஆண்டு ஓட்டிப் பார்த்து, தேறியதை மட்டும் மொத்தமாக ஆர்டர் செய்வதாக ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரயில்வேயின் நஷ்டம் ஏறிக்கொண்டே போக, நீராவியை ஒழித்தால் செலவு குறையும் என்ற அவசரம் பிடித்துக்கொண்டது. சோதனை முடியும் முன்பே, சில வகைகளில் முதல் வண்டி ஓடும் முன்பே, நூற்றுக்கணக்கில் ஆர்டர்கள் பறந்தன. பொண்ணு பார்க்கும் முன்பே கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கதை.

விளைவு, ஒரு மிருகக்காட்சிசாலை. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி, இந்தியாவுக்கும் உலகத்துக்கும் நீராவி இன்ஜின்களை ஏராளமாக அனுப்பிய பழம்பெரும் நிறுவனம். அது செய்த டீசல்கள் அடிக்கடி படுத்தன; 1962-இல் கம்பெனியே படுத்துவிட்டது. மெட்ரோவிக் கம்பெனி 20 'கோ-போ' இன்ஜின்களைச் செய்தது. ஒரு முனையில் ஆறு சக்கரம், மறுமுனையில் நாலு சக்கரம் என்ற அமைப்புக்கு அந்தப் பெயர். அதன் கிராஸ்லி எந்திரம் தொல்லை கொடுத்தது மட்டுமல்ல, வளைந்த முன்கண்ணாடிகள் ஓட்டத்தில் கழன்றும் விழுந்தன. கண்ணாடியைக்கூடச் சேர்த்து மாற்ற, எல்லாவற்றையும் கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. டெல்டிக் என்ற பெரிய டீசலுக்குத் தம்பி மாதிரி, பத்தே பத்து செய்யப்பட்ட 'பேபி டெல்டிக்' இன்னொன்று. கிளேட்டன் கம்பெனி வடிவமைத்த 117 இன்ஜின்களில் பல பத்தாண்டுகூடத் தாங்கவில்லை.

எல்லாமே தோல்வி என்று சொல்லிவிட முடியாது. 1957 ஜூனில் வந்த டி8000-இன் வம்சம் 228 ஆகப் பெருகி, அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. பிரஷ் கம்பெனியின் டி5500 வகையும் நிலைத்தது. அதில் மிர்லீஸ் எந்திரம் விரிசல் கண்டதால் எல்லாவற்றுக்கும் எந்திரத்தை மாற்றிக் காப்பாற்றினார்கள். இதற்கு நம் பக்கத்தில் ஒரு சொந்தம் உண்டு. 1950-களின் முதற்பாதியில் பிரஷ் பேக்னல் நிறுவனம் இலங்கை ரயில்வேக்கு 25 டீசல் இன்ஜின்களை அனுப்பியது. அதே மிர்லீஸ் குடும்பத்து எந்திரம், முனைக்கு ஆறு சக்கரம் வைத்து நடுச்சக்கர ஜோடிக்கு மட்டும் மோட்டார் இல்லாத அதே அமைப்பு. இலங்கையில் 'எம்1' என்று அறியப்படுபவை அவைதான். பிரிட்டனின் டி5500-க்கு அவை அக்காள் முறை.

சரி, இப்போது மாதிரிக்கு வருவோம்.

பிரிட்டனில் பெரும்பாலான மாதிரி ரயில்கள் 'ஓஓ' அளவில் வருகின்றன. நிஜத்தில் ஓரடி என்றால் இங்கே 4 மில்லிமீட்டர், அதாவது 76.2-இல் ஒரு பங்கு. நிஜத் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர், அதை 76.2-ஆல் வகுத்தால் 18.83 வர வேண்டும். ஆனால் ஓஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 தான். கணக்கைத் திருப்பிப் போட்டால், நுணுக்கமாகச் செய்த இந்த இன்ஜின்கள் எல்லாம் நாலடி ஒன்றரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடுவதாக அர்த்தம். உலகத்தில் அப்படியொரு ரயில்பாதை இல்லை.

இந்தக் கோளாறு ஏன் வந்தது? ஐரோப்பாவில் 87-இல் ஒரு பங்கு என்ற அளவும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளமும் பொருந்திப் போகின்றன. ஆனால் பிரிட்டனின் பாலங்களும் சுரங்கங்களும் குறுகலானவை. அதனால் அங்கத்திய இன்ஜின்களும் உடல் சிறுத்தவை. அந்தச் சிறிய உடலை 87-இல் ஒன்றாக்கினால், 1920-கள், 30-களின் மின்மோட்டார் உள்ளே நுழையாது. தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். மோட்டார்கள் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிப் பல காலம் ஆகியும் வழக்கம் மாறவில்லை. எல்லார் வீட்டிலும் அந்தத் தண்டவாளம்தானே கிடக்கிறது. 18.83-இல் தானே தண்டவாளம் போட்டு, சக்கரம் மாற்றி ஓட்டும் பிடிவாதக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

அளவு குறையும்போது இயற்பியல் கூடவே குறையாது என்பது இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல். 'வகுப்பு 40' என்ற பெரிய டீசல் இன்ஜினின் எடை சுமார் 133 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 76.2 மடங்கு குறைந்தால், எடை நாலு லட்சத்து நாற்பதாயிரம் மடங்குக்கு மேல் குறைய வேண்டும். கணக்குப்படி மாதிரியின் எடை 300 கிராம் சொச்சம். அந்த எடையில் பத்துப் பெட்டிகளை இழுக்கச் சொன்னால் சக்கரம் சும்மா சுற்றும். அதனால் உள்ளே கனமான வார்ப்பு உலோகத்தை அடைத்து அரைக் கிலோவைத் தாண்ட வைக்கிறார்கள். பார்வைக்கு நேர்மையாக இருக்கும் பொருள் தராசில் பொய் சொல்லியே ஆக வேண்டும்.

உடல் தகட்டின் கதையும் அதுதான். பிளாஸ்டிக் கூட்டின் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், நிஜ அளவில் அது மூன்றங்குலக் கோட்டைச் சுவர். ஜன்னல் கண்ணாடி குழிக்குள் புதைந்த மாதிரித் தெரிவதற்குக் காரணம் அது. இதை மறைக்க, கண்ணாடித் துண்டையே தடிமனாக வார்த்து, ஜன்னல் ஓட்டைக்குள் வெளிப்பரப்போடு சமமாக வரும்படி அழுத்திப் பொருத்துகிறார்கள். பழைய மாதிரியையும் புதிய மாதிரியையும் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படும் வித்தியாசம் இதுவாகத்தான் இருக்கும்.

வளைவு வேறு. வீட்டு மேசையில் ஓடும் ரயிலுக்கு 438 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு சாதாரணம். நிஜ அளவில் அது 33 மீட்டர் சொச்சம். நிஜ எக்ஸ்பிரஸ் பாதையில் நினைத்துப் பார்க்கவே முடியாது. நம்மூரில் போகி என்றால் ரயில் பெட்டி. ரயில்வேக்காரர்களுக்கோ, பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டகத்துக்குத்தான் அந்தப் பெயர். இந்தப் போகி வளைவில் தாராளமாகத் திரும்ப வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள குழாய், படிக்கட்டு எல்லாவற்றையும் கொஞ்சம் செதுக்கிவிட வேண்டும். இதில் வகுப்பு 40-க்கு ஒரு அதிர்ஷ்டம். நிஜ வண்டியிலேயே இடிதாங்கிகள் உடலில் இல்லாமல் போகியில்தான் பொருத்தப்பட்டிருந்தன. வளைவில் போகியோடு சேர்ந்து அவையும் திரும்பும். பொம்மைக்காரர்களின் குறுக்குவழி மாதிரித் தெரிவது இங்கே நிஜத்திலேயே இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கடினமானது மூக்கு.

தொடக்ககால பிரிட்டிஷ் டீசல்கள் பலவற்றுக்கு ஓட்டுநர் அறைக்கு முன்னால் நீண்ட மூக்கு உண்டு. 10000-க்கு இருந்தது, வகுப்பு 40-க்கும் டெல்டிக்குக்கும் இருந்தது. பக்கவாட்டில் ஒரு வளைவு, மேலிருந்து ஒரு வளைவு, இரண்டும் மூலையில் சந்திக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு வளைவு. பொறியியல் வரைபடத்தில் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் மேல்தோற்றமும் இருக்கும். அந்த மூலையில் என்ன நடக்கிறது என்பதை அவை முழுதாகச் சொல்வதில்லை; பெரும்பாலும் அது தகடு தட்டியவரின் கைக்கும் கண்ணுக்கும் விடப்பட்டது. மனித முகம் மாதிரிதான் இதுவும். மூக்கின் வளைவு அரை மில்லிமீட்டர் பிசகினால், எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாதவர்கூட 'ஏதோ சரியில்லையே' என்பார்.

உடல் மிஞ்சியிருந்தால் இன்று வேலை சுலபம். லேசர் கருவியை வண்டியைச் சுற்றி வைத்து, மேற்பரப்பைக் கோடிக்கணக்கான புள்ளிகளாகக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். டெல்டிக்கின் முதல் வண்டிக்கு அந்த வசதி உண்டு. 1955-இல் வெளிர்நீல உடலும் பாலாடை நிறக் கோடுகளுமாக வந்த அது 3,300 குதிரைத்திறன் கொண்டது; அந்நாளில் உலகின் மிகச் சக்திவாய்ந்த ஒற்றை டீசல் இன்ஜின்களில் ஒன்று. வெளிநாட்டு வாங்குபவர்களை மயக்க அதன் மூக்கில் அமெரிக்க பாணியில் பெரிய முகப்பு விளக்குக் கூடு ஒன்றையும் வைத்திருந்தார்கள். 1963-இல் அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போனதால் பிழைத்தது. அதன் ஓஓ மாதிரியை தேசிய ரயில் அருங்காட்சியகமே பேக்மன் நிறுவனத்திடம் சொல்லிச் செய்ய வைத்தது.

10000-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1963-இல் ஓய்வுபெற்று 1968-இல் வெட்டப்பட்டது. பிரிட்டனில் நீராவி ரயில்கள் ஓய்ந்த அதே ஆண்டு என்பதால், அழுதவர்கள் எல்லாரும் நீராவிக்காக அழுதுகொண்டிருந்தார்கள். 10001-ம் அதே ஆண்டு போயிற்று. தெற்குப் பகுதியின் மூன்றும், ஃபெல்லும் போயின. இவற்றை மாதிரியாகச் செய்பவருக்கு மிஞ்சியவை பணிமனை வரைபடங்களும் பழைய புகைப்படங்களும்தான்.

வரைபடம் என்பது செய்ய நினைத்தது, செய்தது அல்ல. பணிமனையில் கைப்பிடி இரண்டங்குலம் நகர்ந்திருக்கும், காற்றுத்தட்டி ஒன்று கூடியிருக்கும், வரைபடத்தை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். புகைப்படமோ தன் பங்குக்கு ஏமாற்றும். பிளாட்பார முனையில் நின்று கிட்டத்தில் எடுத்த படத்தில் மூக்கு நிஜத்தைவிட நீண்டு தெரியும். தூரத்திலிருந்து எடுத்ததில் சப்பையாகிவிடும். ஆகவே தெரிந்த ஓர் அளவை, உதாரணமாகச் சக்கர விட்டத்தை, பிடித்துக்கொண்டு பல கோணப் படங்களைக் கணினியிலுள்ள உருவத்தின் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார்கள். ஒரு படத்துக்குப் பொருந்தியது அடுத்த படத்துக்குப் பொருந்தாது, திரும்ப முதலிலிருந்து. காணாமல் போனவரின் முகத்தைச் சாட்சிகள் சொல்லச் சொல்ல வரைகிற போலீஸ் ஓவியரின் வேலைக்கு இது ரொம்பப் பக்கம்.

வடிவம் கிடைத்தாலும் தேதி என்று ஒன்று இருக்கிறது. அனுபவசாலிகள் 'இது வகுப்பு 40 மாதிரி' என்று பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். எந்த எண், எந்த ஆண்டு என்று கேட்பார்கள். அந்த வகையில் 200 இன்ஜின்கள் செய்யப்பட்டன. டி200 முதல் டி324 வரை, வண்டியின் ரகத்தைக் காட்ட மூக்கில் மடக்கு வட்டத்தகடுகள். டி325 முதல் டி344 வரை, அதே வேலைக்கு எழுத்தும் எண்ணும் காட்டும் பெட்டிகள், இரண்டாகப் பிளவுபட்டவை. டி345 முதல் நடுவில் ஒரே பெட்டி. முன்னவற்றில் இரண்டு இன்ஜின்களைக் கோத்தால் பணியாளர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மூக்கில் கதவு இருந்தது. நடுப்பெட்டி வந்ததும் கதவு போயிற்று. 1960-களின் தொடக்கத்தில், ஓசை குறைந்த இந்த வண்டிகள் நெருங்குவது பாதையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியட்டும் என்று மூக்கில் சிறிய மஞ்சள் பட்டை வந்தது. பிறகு பச்சை உடல் நீலமாகி, மூக்கு முழுதும் மஞ்சளானது. டி210-க்கு நடுப்பெட்டி வைத்துச் செய்துவிட்டால், அல்லது 1959-இன் தோற்றத்தில் மஞ்சள் பூசிவிட்டால், கடைக்கு வருவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். ஒரு நல்ல மாதிரி ஒரு வகையின் உருவம் அல்ல; ஒரு குறிப்பிட்ட வண்டியின், ஒரு குறிப்பிட்ட காலத்தின் உருவம்.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, சண்டை வரும். அக்காலத்துப் படங்களில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. கலர் ஃபிலிமோ ஆண்டுகள் போகப் போக நிறம் மாறும். பெயிண்ட் கம்பெனியின் பழைய வண்ண அட்டையே கிடைத்தாலும், வெயிலில் முப்பதடி தள்ளி நின்று பார்த்த பச்சையும், அறை விளக்கின்கீழ் உள்ளங்கையில் பார்க்கும் அதே பச்சையும் ஒன்றாகத் தெரியாது. குட்டிப் பொருளுக்கு நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்ய வேண்டும் என்பது ஒரு கட்சி. கூடவே கூடாது என்பது இன்னொரு கட்சி.

மாதிரிகள் எல்லாமே செத்தபிறகு வந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. அசல் ஓடிய நாளிலேயே வந்தவையும் உண்டு. 1959-இல் கிட்மாஸ்டர் என்ற பெயரில் பிளாஸ்டிக் ஒட்டுவேலைப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. செய்தது ரோஸ்பட் என்ற பொம்மைக் கம்பெனி. குழந்தைப் பொம்மைகளின் கையும் காலும் வார்த்த அதே தொழில், அடுத்து ரயில் இன்ஜின்களையும் வார்த்தது. அந்த வரிசையில் முதல் டெல்டிக்கும் இருந்தது. அந்த வரிசையின் அச்சுகளில் பல பின்னர் ஏர்ஃபிக்ஸ் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து டேப்போல் கம்பெனிக்குப் போயின.

லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் தன் ஹார்ன்பி டப்ளோ வரிசையில் முதலில் டி8000 வகையையும், 1961-இல் கோ-போவையும் கொண்டுவந்தது. இருபதே இருபது செய்யப்பட்டு, கண்ணாடி கழன்று, கம்பெனிக்குத் திரும்பிப் போன அந்தக் கோ-போவைத்தான். எத்தனையோ வெற்றிகரமான இன்ஜின்கள் இருக்க இதை ஏன் எடுத்தார்கள் என்று இன்று கேட்பது எளிது. அன்று எது நிலைக்கும் என்று ரயில்வேக்கே தெரியாது. பொம்மைக் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? இரண்டு தரப்பும் சோதிக்காமல் ஆர்டர் கொடுத்தன. ஒரு வித்தியாசம்: ரயில்வேயின் கோ-போக்கள் 1968-க்குள் சேவையிலிருந்து போய்விட்டன, மெக்கானோவின் கோ-போக்கள் பரணிலிருந்து இறங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பொம்மைகளுக்கும் இன்றைய மாதிரிகளுக்கும் நடுவே பெரிய பள்ளத்தாக்கு. 1990-களில் தயாரிப்பு சீனாவுக்குப் போனதும், ஒவ்வொரு கைப்பிடியையும் தனிக் கம்பியாகக் கையால் பொருத்தும் வேலை கட்டுப்படியானது. அதற்குமுன் கைப்பிடி என்பது உடலோடு சேர்த்து வார்த்த ஒரு மேடு, அவ்வளவுதான். எழுத்துகளை மெத்தென்ற சிலிகான் திண்டால் ஒற்றி அச்சடிக்கும் முறை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உற்பத்தியாளர் பெயர்ப்பலகையைப் படிக்கும்படி கொண்டுவந்தது. பூதக்கண்ணாடி வேண்டும், ஆனால் படிக்கலாம்.

ஆனாலும் உள்ளே போனால் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. டெல்டிக்கின் பெருமையே அதன் எந்திரம். மூன்று சிலிண்டர் வரிசைகளை முக்கோணமாக அடுக்கி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்களை எதிரெதிரே ஓடவிட்டு, மூன்று மூலைகளில் மூன்று சுழல்தண்டுகள் வைத்த அமைப்பு. 18 சிலிண்டருக்கு 36 பிஸ்டன். முதலில் அதிவேகக் கடற்படைப் படகுகளுக்காகச் செய்தது. கிரேக்க எழுத்து டெல்டாவின் முக்கோணத்தால் அந்தப் பெயர். ஃபெல் இன்ஜினின் பல்சக்கர மூளையும், கோ-போவின் புகை கக்கும் எந்திரமும் அதனதன் வழியில் தனித்தவை. இவற்றின் மாதிரிகளைத் திறந்தால் எல்லாவற்றிலும் இருப்பது ஒன்றே: நடுவில் ஒரு சின்ன மின்மோட்டார், இருபுறமும் பித்தளைச் சுழல்சக்கரம், அங்கிருந்து பல்சக்கரம். எந்த வித்தியாசத்துக்காக இந்த இன்ஜின்கள் பிறந்தனவோ, எந்த வித்தியாசத்தால் செத்தனவோ, அதைத் தவிர மற்ற எல்லாம் மாதிரியில் இருக்கிறது.

இந்தக் குறையை ஓரளவு தீர்க்க வந்ததுதான் ஒலிச்சில்லு. தண்டவாளத்தின் வழியே கட்டளை பெறும் சிறு மின்சுற்றில் நிஜ எந்திரத்தின் ஓசையைப் பதிந்து, வேகத்துக்கேற்ப ஒலிக்கவிடுகிறார்கள். வகுப்பு 40-இன் டர்போ விசில், டெல்டிக்கின் அடிவயிற்று ரீங்காரம் எல்லாம் காப்பாற்றப்பட்ட இன்ஜின்களிடமிருந்து பதிவானவை. அழிந்துபோன வகைக்கு என்ன செய்வது? அதே குடும்பத்து எந்திரம் வேறு எதிலாவது மிஞ்சியிருந்தால் அதன் குரலை இரவல் வாங்குவதுதான் வழி. முகம் ஒருவருடையது, குரல் சித்தப்பா மகனுடையது.

இதையெல்லாம் யார் பணம் போட்டுச் செய்கிறார்கள்? அச்சு வெட்டும் செலவு பெரியது; அதை எடுக்க ஒரே அச்சிலிருந்து பல வண்ணங்களில், பல எண்களில் விற்க வேண்டும். நாற்பது ஆண்டு ஓடிய இன்ஜின் ஏழெட்டு வண்ணம் மாறியிருக்கும், உற்பத்தியாளருக்குக் கொண்டாட்டம். பத்து ஆண்டில் செத்த இன்ஜினுக்குக் கறுப்பு, பச்சை, மிஞ்சினால் நீலம். அதனால் பெரிய கம்பெனிகள் நெடுங்காலம் இவற்றின் பக்கம் திரும்பவில்லை. இடைவெளியை நிரப்பியவர்களில் கடைக்காரர்களும் உண்டு. காயலான் கடையில் நின்ற டி601-இன் குடும்பமான டி600 வரிசையின் மாதிரிக்கு ஆர்டர் கொடுத்தது கார்ன்வாலில் உள்ள கெர்னோ என்ற கடை. அந்த வரிசையில் இருந்த ஐந்து இன்ஜின்களும் கடைசிக் காலத்தில் கார்ன்வாலில்தான் வெண்களிமண் சரக்கு இழுத்தன. சொந்த ஊர்க்காரர்கள் கல்வெட்டு வைத்த மாதிரி. பேபி டெல்டிக், கோ-போ, கிளேட்டன் ஆகியவற்றுக்கு ஓஓ உருவம் கொடுத்த ஹெல்யான், டென்மார்க் கம்பெனி. ஃபெல் இன்ஜினைக் கே.ஆர். மாடல்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்தது. சக்கரத் தண்டுகள் எல்லாம் இருந்த தொடக்கத் தோற்றமா, நடுத்தண்டைக் கழற்றிய பிந்தைய தோற்றமா என்ற கேள்வி அங்கேயும் வந்தது.

தோற்ற இன்ஜின்களுக்கு இவ்வளவு ஆசை ஏன் என்றால், ஒரு காரணம் வயது. 1960-களில் பிளாட்பார முனையில் நின்று நோட்டுப் புத்தகத்தில் இன்ஜின் எண் குறித்த பையன்களுக்கு இன்று எழுபதைத் தாண்டுகிறது. இன்னொரு காரணம் தோற்றம். தேறிய வடிவங்கள் நாளடைவில் ஒன்றுபோல ஆகிவிட்டன. தேறாதவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஐந்து இன்ஜின் செய்து கைவிட்டதுதான் அலமாரியில் தனியாகத் தெரியும்.

தப்பிய உடல்கள் சிலவற்றின் வரலாறு வேடிக்கையானது. 20 கோ-போக்களில் டி5705 மட்டும் இன்று இருக்கிறது. ரயில்வே ஆராய்ச்சிப் பிரிவு கொஞ்ச காலம் வைத்திருந்தது. பிறகு நின்றிருக்கும் பயணிகள் பெட்டிகளைச் சூடேற்றும் நிலையான சாதனமாக ஓரமாய் நிறுத்திவைத்தார்கள். 'வகுப்பு 15' என்ற இன்னொரு டீசல் வகையின் 44 இன்ஜின்களில் மிஞ்சிய ஒன்றும் இதே வெப்பமூட்டும் வேலையால்தான் மிஞ்சியது. ரயில் இழுக்கத் தோற்றவை வெந்நீர் அடுப்பாக வேலை பார்த்துப் பிழைத்தன. கிளேட்டன் ஒன்று தனியார் தொழிற்சாலைக்கு விற்கப்பட்டுத் தப்பியது.

பேபி டெல்டிக் பத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்காக நேப்பியர் கம்பெனி செய்த எந்திரம் ஒன்று மட்டும் எங்கோ மிஞ்சியிருந்தது. அந்த எந்திரத்தை ஆர்வலர்கள் பழுது நீக்கி ஓட்டினார்கள். ஓடுகிற எந்திரத்தைச் சும்மா வைத்திருக்க மனம் வருமா? டார்பிஷயரில் பாரோ ஹில் என்ற பழைய இன்ஜின் கொட்டகையில், 37372 என்ற வகுப்பு 37 இன்ஜினை எடுத்துவந்தார்கள். அதே இங்கிலிஷ் எலக்ட்ரிக் கம்பெனியின் பிள்ளை, மூக்கும் ஓட்டுநர் அறையும் ஏறத்தாழ அதே ஜாடை, ஆனால் உடல் நீளம் கூடுதல். அதை அறுத்து, குறுக்கி, பேபி டெல்டிக்காக மாற்றும் வேலை நடக்கிறது. 10000-ஐயும் இப்படித் திரும்பச் செய்ய ஒரு சங்கம் வகுப்பு 58 இன்ஜின் ஒன்றை அடித்தளத்துக்காக வாங்கிவைத்திருக்கிறது.

அங்கே வேலை செய்பவர்கள் கையிலும் பழைய வரைபடமும் கறுப்பு வெள்ளைப் புகைப்படமும்தான். மூக்கின் மூலை வளைவில் அவர்களும் திணறத்தான் செய்வார்கள். அளவு மட்டும் ஒன்றுக்கு ஒன்று.